அடிக்கு முந்தின இரண்டு நிமிடம்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது. தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்புக்குப் போகிறான். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் மதியத்திலிருந்து ஐந்து மணி வரை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். நாத்தனார் மகளும் அங்கேதான் இருப்பாள், அவளுக்கு ஐந்தரை வயது. என் மகன் தினமும் யாரையாவது அடிக்கிறான், தள்ளுகிறான். பாலர் வகுப்பிலிருந்து இரண்டு முறை புகார் வந்துவிட்டது. கணவர் ரோத்தானை (பிரம்பை) எடுக்கிறார். மாமியாரோ "ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான் இருப்பான்" என்கிறார். போன வாரம் நாத்தனார் மகளைத் தள்ளிவிட்டான், அவளுக்கு முட்டியில் காயம். அவள் சாது, யாரையும் தொடமாட்டாள். "இவன் கருப்பு, இவன்கூட யாரும் பிரண்டு இல்ல" என்று மற்றப் பிள்ளைகளிடம் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். அதற்கு இப்படியா? நாத்தனார் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவனை எப்படித் திருத்துவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதம் முழுக்க மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் விடையில் பாதி, "அவ்வளவுதான்" என்று நீங்கள் கடந்துபோன வரியில் இருக்கிறது. ஐந்து வயதுப் பையனை மற்றப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, அவன் நிறத்தைச் சொல்லி, யாரும் அவனோடு சேர வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொல்வது விளையாட்டு இல்லை. அதுவும் ஒரு தாக்குதல்தான். அதில் முட்டி கிழிவதில்லை, அதனால் பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை. மகன் தள்ளியது தப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அன்று நடந்த இரண்டு தப்பில் ஒன்றை மட்டும் கண்டித்தால், இரண்டு பிள்ளைகளுமே தவறான பாடத்தைப் படித்துக்கொள்வார்கள்.

முதலில் வயதைப் பார்ப்போம். அடிப்பது, கடிப்பது, பிடித்துத் தள்ளுவது எல்லாம் ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாகக் குறைகின்றன. கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் சொன்ன முடிவு இது. அடிக்க ஒரு பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் அது கற்றுக்கொள்கிறது. அதற்குப் பேச்சு வர வேண்டும், காத்திருக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் பொறுமையான பெரியவர் ஒருவர் வேண்டும். உங்கள் மகன் இந்தப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். "ரவுடி" என்று யார் சொன்னாலும் நிறுத்துங்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், பிள்ளை அதற்கேற்றபடி நடக்கத் தொடங்கும்.

அடியின் காரணமும் வயதோடு மாறும். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் பொருளுக்காக அடித்துக்கொள்கிறார்கள்: என் சைக்கிள், என் முறை, என் இடம். வளர வளர, சொல்லுக்காகவும் அவமானத்துக்காகவும் அடிக்கத் தொடங்குகிறார்கள். வில்லர்ட் ஹார்ட்டப் என்ற ஆய்வாளர் 1974-இல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். உங்கள் மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். அவன் எதற்கு அடித்தான் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

இனி ஆண், பெண் விஷயம். மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கையால் தாக்குவது ஆண் பிள்ளைகளிடம் கூடுதல்தான். 2008-இல் நோயல் கார்டும் அவர் குழுவினரும் 148 ஆய்வுகளை, 73,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய தகவலை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அடி, உதை, நேருக்கு நேர் திட்டுவது ஆகியவற்றில் ஆண் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆனால் ஒதுக்கிவைப்பது, புறம் பேசுவது, கூட்டம் சேர்ப்பது போன்ற மறைமுகத் தாக்குதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே "பையன் அடிப்பான், பெண் பிள்ளை வாயால் குத்துவாள்" என்ற நம் எண்ணமும் முழுக்கச் சரியில்லை. ஆண் பிள்ளைகளும் ஒதுக்குகிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. நட்பையே ஆயுதமாக்கும் இந்த வகையை நிக்கி கிரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொண்ணூறுகளில் தனியாக அளந்து காட்டினார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளிடமே அது இருந்தது. "நான் சொல்றத கேக்கலன்னா உன்ன பர்த்டேக்குக் கூப்பிட மாட்டேன்" என்பதைக் கேட்டிருப்பீர்களே, அதுதான்.

மூன்று வயது தாண்டியதும் பையன்கள் பையன்களோடும் பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளோடும் சேரத் தொடங்குகிறார்கள், பள்ளி வயதில் அது இன்னும் இறுகுகிறது. பையன்கள் கூட்டமாக, வெளியில், ஓடிப்பிடித்து, யார் பெரியவன் என்று பார்க்கும் விளையாட்டில் இருப்பார்கள். பெண் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகப் பேசிப் பேசி விளையாடுவார்கள். ஓடும் கூட்டத்தில் கை முந்துகிறது. மூன்று பேர் மட்டும் இருக்கும் இடத்தில் ஒருத்தியைத் தள்ளிவைத்தாலே போதும், அவளுக்கு அது உலகமே இடிந்த மாதிரி. உங்கள் லயத்தில் பிள்ளைகள் குறைவு, ஆணும் பெண்ணும் கலந்துதான் விளையாடியாக வேண்டும். அதனால் இரண்டு வகையும் ஒரே வாசலில் மோதிக்கொள்கின்றன.

இதில் பெரியவர்களின் பங்கும் பெரியது. 1976-இல் காண்ட்ரி என்ற ஆய்வாளர் தம்பதியர் ஒரு சோதனை செய்தார்கள். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி எழுவதைக் கண்டு ஒரு குழந்தை அழும் படத்தைப் பெரியவர்களுக்குக் காட்டினார்கள். ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அழுகையைக் கோபம் என்றார்கள், பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் பயம் என்றார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். உங்கள் மகன் அழும்போதும் யாராவது ஒருவர் அவன் பயத்தைப் பார்க்க வேண்டும். "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே" என்று சொல்லி அழுகையை அடைத்தால், பையனுக்கு மிஞ்சுவது கை மட்டும்தான்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு பழைய பள்ளி நோட்டு எடுங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. ஏழு நாள் எழுதினால் போதும். "சேட்டை பண்ணான்" என்று எழுதினால் பயன் இல்லை. "நாலரை மணி, ஊஞ்சல், அவள் இறங்கவில்லை, இரண்டு கையாலும் முதுகில் தள்ளினான், ஊஞ்சல் அவனுக்குக் கிடைத்தது" என்று எழுத வேண்டும். மாமியாருக்கு எழுதச் சிரமமாக இருந்தால் மாலையில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம், "நீங்கதான் கூட இருந்து பாக்குறீங்க அத்தை, உங்களுக்குத்தான் தெரியும்" என்று கேளுங்கள். ஏழு நாளில் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும்: சாப்பாட்டுக்கு முன் பசி வேளை, கைப்பேசியைப் பிடுங்கிய அடுத்த பத்து நிமிடம், மூன்றாவது பிள்ளை வந்து சேரும் நேரம். அந்த நேரத்துக்கு முன்னாலேயே ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பாதி அடி நடக்காமலே போகும்.

நான்காவது பத்தியைக் கவனமாகப் பாருங்கள். ஜெரால்ட் பேட்டர்சனும் அவர் குழுவினரும் 1967-இல் பாலர் பள்ளிகளில் உட்கார்ந்து கவனித்தார்கள். அடி வாங்கிய பிள்ளை பொருளை விட்டுக்கொடுத்தாலோ அழுதுகொண்டு ஒதுங்கினாலோ, அடித்த பிள்ளை அடுத்த முறையும் அதே பிள்ளையிடம் அதே வழியில்தான் போனது. அடி லாபம் தந்தது, அதனால் நிலைத்தது. எனவே முதல் விதி: அடித்துப் பெற்ற பொருள் அவனிடம் தங்கக் கூடாது. ஊஞ்சலிலிருந்து இறக்கி, அவளிடமே திருப்பிக் கொடுங்கள், ஒவ்வொரு முறையும். பாட்டி கொடுத்துவிட்டு அம்மா கொடுக்காமல் இருந்தால் நடக்காது. பத்தில் ஒரு முறை பலித்தாலும் பிள்ளை பத்து முறையும் முயன்று பார்க்கும்.

அடி விழுந்த நொடியில் தூரத்திலிருந்து கத்தாதீர்கள். கை எட்டும் தூரத்துக்குப் போங்கள், மண்டியிட்டு அவன் கண் மட்டத்துக்கு வாருங்கள், மணிக்கட்டை இறுக்காமல் பிடித்து நிறுத்துங்கள். சொல்ல வேண்டியது இரண்டே சொல்தான்: "அடிக்க விடமாட்டேன்." உடனே முகத்தை அடிபட்ட பிள்ளையிடம் திருப்புங்கள், அவளுக்குத்தான் முதல் கவனிப்பு. அடித்தவன் சுற்றி நிற்பவர்களின் பார்வை முழுவதையும் வாங்கிக்கொண்டால் அதுவும் அவனுக்கு ஒரு பரிசுதான். பிறகு அவனை நீங்கள் பார்க்கும் இடத்தில், விளையாட்டுக்கு வெளியே, மூன்று நான்கு நிமிடம் உட்கார வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். அதற்குப் பிறகு எதற்கு உட்கார்ந்தோம் என்பதே அவனுக்கு மறந்துவிடும். இருட்டறை, கழிவறை, கதவுக்கு வெளியே பூட்டுவது எதுவும் கூடாது.

"ஏன் அடிச்சே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். ஐந்து வயதில் அதற்குப் பதில் தெரியாது, பொய் சொல்லத்தான் பழகுவான். "சாரி சொல்லு" என்று வற்புறுத்துவதும் அப்படித்தான், வாய் சொல்லும், மனம் வராது. அதற்குப் பதில் அவன் கையால் ஒரு வேலை செய்ய வையுங்கள்: ஈரத்துணி கொண்டுவந்து கொடுக்கட்டும், கலைத்த கல்வீட்டைக் கூட இருந்து அடுக்கட்டும்.

பேசிப் பழக்க வேண்டியது அப்போது அல்ல. அவன் முழுக்க அடங்கின பிறகு, குளித்துச் சாப்பிட்ட நேரத்தில், நாளுக்கு ஐந்து நிமிடம். இரண்டு பொம்மையை எடுத்து அதே சண்டையை நடத்திக் காட்டுங்கள். அவனுக்கு மூன்றே வாக்கியம் போதும்: "அடுத்து என் முறை." "அப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கல." "பாட்டி, இங்க வாங்க." வாயால் சொன்னால் மட்டும் போதாது, உள்ளங்கையை முன்னே காட்டி, குரலை உயர்த்திச் சொல்லிப் பழகட்டும். பிறகு ஆளை மாற்றுங்கள், நீங்கள் தள்ளும் பிள்ளையாக இருங்கள், அவன் நிறுத்தட்டும். இரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் கோப நேரத்தில் அந்த வாக்கியம் வாய்க்கு வரும். அவன் பாட்டியைக் கூப்பிட்டு, பாட்டி வராமல் போனால் மட்டும் எல்லாம் வீண். கூப்பிட்டதும் எழுந்து போக வேண்டும் என்று மாமியாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். "சும்மா சும்மா கோள் சொல்லாதே" என்ற ஒரு பதில், பிள்ளையை மறுபடி கையிடம் அனுப்பிவிடும்.

இன்னொரு திறமையும் இருக்கிறது, பெற்றோர் அதைச் சொல்லித்தருவதே இல்லை: நடக்கிற விளையாட்டில் எப்படி நுழைவது. பிள்ளைகளின் விளையாட்டைப் பக்கத்தில் இருந்து கவனித்த வில்லியம் கோர்சாரோ போன்றவர்கள் கண்டது இது. "நானும் வரட்டுமா?" என்று நேராகக் கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் "முடியாது" என்றுதான் பதில் கிடைக்கிறது. இடையில் புகுந்து தன் விளையாட்டைத் திணிக்கும் பிள்ளையையும் விரட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று என்ன விளையாட்டு என்று பார்த்து, அதற்குப் பொருத்தமாக ஏதாவது செய்துகொண்டே நெருங்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் மண்சோறு ஆக்கினால், உங்கள் மகன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ரப்பர் விதை நாலு பொறுக்கிவந்து "இந்தாங்க, முட்டை" என்று வைக்கட்டும். கடைக்காரன் ஆகட்டும், லாரி ஓட்டி அரிசி கொண்டுவரட்டும். முதல் மூன்று நாள் நீங்களோ மாமியாரோ அவன் கூடப் போய் உட்கார்ந்து அந்த முதல் செயலைக் காதில் சொல்லிக் கொடுங்கள். சேர்த்துக்கொள்ளப்படும் பிள்ளைக்கு அடிக்கும் அவசியம் குறைந்துவிடும்.

எல்லா மல்லுக்கட்டும் சண்டை இல்லை. பையன்கள் புரள்வதைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிரிக்க வேண்டாம். முகம் சிரித்தபடி, கை விரிந்தபடி, துரத்துபவன் ஓடுபவனாக மாறி மாறி, முடிந்த பிறகும் சேர்ந்தே இருந்தால் அது விளையாட்டு. புருவம் சுருங்கி, கை மூடி, ஒரே பிள்ளை எப்போதும் கீழே கிடந்து, முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனால் அது சண்டை. லோங்காங் (சாக்கடை) ஓரத்திலும் சிமெண்டிலும் வேண்டாம், புல்திடலில் விடுங்கள். தலை, கழுத்து, வயிற்றில் கை வைக்கக் கூடாது, யாராவது "ஸ்டாப்" என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளையும் இதில் விடுங்கள். தன் பலத்தை அளந்து பயன்படுத்தும் பழக்கம் இரு பாலருக்கும் வேண்டியது.

உங்கள் கணவரிடம் ரோத்தானைப் பற்றி நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே விதமாக அடித்தார்கள் என்று 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 72 பிள்ளைகளை வைத்துக் காட்டினார். கையால் அடிப்பதில் பையன்கள், அதுவும் ஓர் ஆண் அடிப்பதைப் பார்த்த பையன்கள், மற்றவர்களைவிட அதிகமாக அதைப் பின்பற்றினார்கள். வீட்டில் அந்த ஆண் அப்பாதான். ரோத்தான் அந்த நிமிடம் கையை நிறுத்தும், அப்பா இல்லாத இடத்தில் நிறுத்தாது. பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற விதியைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்வான். நம் நாட்டுப் பள்ளி ஒழுங்கு விதிப்படியே பிரம்படி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான், பெண் பிள்ளைகளுக்குத் தடை. பையன் உடம்பு அடி தாங்கும் என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருக்கிறது. அவரை "மோசமான அப்பா" என்று காட்டாமல், ஒரு வேலையைக் கொடுங்கள்: மாலை ஐந்தரைக்குத் திடலில் பதினைந்து நிமிடம் அவர் மகனோடு மல்லுக்கட்டட்டும், "ஸ்டாப்" என்றதும் முதலில் அவர் நின்று காட்டட்டும். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

முதல் வாரம் மகன் அடிப்பது இன்னும் அதிகமாகலாம். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த வாரத்தில்தான் "இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், மூன்றாவது வாரத்தில் நோட்டைப் பாருங்கள்.

பாலர் வகுப்பு ஆசிரியரை வாசலில் மற்றப் பெற்றோர் முன் கேட்காமல், பத்து நிமிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இருபத்தைந்து பிள்ளைகள் வரை இருக்கக்கூடிய வகுப்பு அது, அவரும் துணையாளரும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எந்த நேரத்தில், யாரோடு, அதற்கு முன் என்ன என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அவன் கையை அடக்கிய ஒரு சம்பவத்தையாவது வாரம் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். பதினொரு மணி வரை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஆறு மணிக்கு எழும் பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. மற்றப் பிள்ளைகளைவிடப் பேச்சு குறைவா, கூப்பிட்டால் திரும்புவதில்லையா, வாயால் மூச்சுவிட்டு குறட்டை விடுகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) காதையும் பேச்சையும் பரிசோதிக்கக் கேளுங்கள். சொல் வராத பிள்ளை கையால்தான் பேசும். எட்டு வாரம் முயன்றும் தினமும் அடித்தால், பூனை நாயைத் துன்புறுத்தினால், வேண்டுமென்றே காயம் வரும்படி பொருளை எடுத்து அடித்தால் காத்திருக்க வேண்டாம், குழந்தை நல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்களுக்குள் அடிதடி இருந்தால், உங்களுக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால், தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

கடைசியாக அந்தச் சின்னப் பெண். அவளைக் கெட்டவள் ஆக்கிவிடாதீர்கள். அவள் வாயில் வந்த "கருப்பு" என்ற சொல்லை அவள் உண்டாக்கவில்லை, ஏதோ ஒரு பெரியவர் சொல்லக் கேட்டிருப்பாள். மாமியார் இரண்டு பேரையும் வைத்து ஒரே குரலில் சொல்லட்டும்: "இங்க ரெண்டு சட்டம். யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. யாரும் யாரையும் சேர்க்காதேன்னு ஆள் கூட்டக் கூடாது, நிறம் சொல்லக் கூடாது." இன்று அவனோடு விளையாட மனமில்லை என்றால் அவள் தனியாக வேறு விளையாட்டுக்குப் போகலாம், அந்த உரிமை அவளுக்கு உண்டு. மற்றவர்களையும் அவனிடமிருந்து பிரிக்கும் உரிமை இல்லை. அவள் சட்டத்தை மீறினாலும் அதே மூன்று நான்கு நிமிடம், அதே இடம். கோபம் வந்தால் "எனக்குக் கோபமா இருக்கு, நீ என் பொம்மைய எடுத்துட்டே" என்று நேராகச் சொல்ல அவளுக்கும் பழக்குங்கள். சாது என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கோபத்தை நேராகச் சொல்ல யாரும் இடம் கொடுப்பதில்லை, அதனால் அது பக்கவழியாக வருகிறது.

நாத்தனாரிடம் போகும்போது இந்தச் செய்தியோடு போகாதீர்கள். முதல் முறை முட்டிக் காயத்தை விசாரிக்க மட்டும் போங்கள், மகனையும் அழைத்துப்போய் அவன் கையால் பிளாஸ்டர் ஒட்ட வையுங்கள், திரும்பி வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "அண்ணி, என் பையன் கைய நான் பாத்துக்கிட்டிருக்கேன், நோட்டு போட்டு எழுதுறேன். அவன நிறத்த சொன்னா ரொம்ப உடஞ்சு போறான். அத மட்டும் ரெண்டு வீட்டுலயும் யாரும் சொல்லாம பாத்துக்குவோமா?" என்று கேளுங்கள். அவர் மறுத்துப் பேசினால் அன்றைக்கு வாதாட வேண்டாம். நோட்டை அடுத்த மாதம் காட்டலாம்.